தொலைந்த ரீல்களைத் தமிழால் நிரப்பினோம்: தாராவி வகுப்பில் ஒரு மௌனப்படம்

தாராவியில் நடக்கும் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் இந்த மழைக்காலம் முழுக்க ஒரே வேலைதான் ஓடியது. தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ மௌனப்படத்துக்குப் பிள்ளைகள் தமிழில் எழுத்து அட்டை, அதாவது காட்சியில் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரிகள், எழுதினார்கள். படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கதையின் தமிழ்ச் செய்யுளும் அப்படியே கிடைக்கிறது. வேறு ஊர்களில் வகுப்பு எடுப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, செய்த வேலையை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிள்ளைகள் ஏழாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், கல்லியில் (சந்தில்) இந்தி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவர்களும் சிலர் உண்டு. அவர்கள் சரளமாக வாசிப்பார்கள். மற்றவர்கள் பேசச் சொன்னால் வெளுத்துக்கட்டுவார்கள், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். இவர்களுக்குப் பேசும் படம் போட்டால் காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், கண்ணுக்கு வேலை இருக்காது. படம் போட்டுக் காட்டுவது வேறு, படத்தை வைத்து வேலை வாங்குவது வேறு என்பது என் எண்ணம். ஒலியே இல்லாத படத்தில் பேச வேண்டியது பிள்ளைகள்தான்.

தமிழ்நாட்டில் எடுத்த மௌனப்படம் ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான, நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ எஞ்சவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ நம் மும்பையில்தான் உருவானது, அதுவும் இல்லை. பால்கே படத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 1913 மே 3ஆம் தேதி கிர்காவ் கோரனேஷன் கொட்டகையில் வெளியான படம். எடுத்தது தாதரில். சயானில் ரயில் ஏறினால் மாட்டுங்கா, அடுத்தது தாதர். கிழக்குப் பக்கம் இறங்கினால் தாதாசாகேப் பால்கே சாலை. இது பிள்ளைகளுக்குத் தெரிந்ததும், “நம்ம தாதரா, டீச்சர்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழைய படம் என்ற சலிப்பு அங்கேயே போய்விட்டது.

உரிமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி ஒரு படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. இலக்கியத்துக்கு எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் இருக்கும் அவையில் படம் காட்ட இடம் தருகிறது. பள்ளி ஆசிரியர்கள் புதிய படத்தின் ஒரு காட்சியை அப்படி வகுப்பில் காட்டலாம். ஆனால் அதை வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு விஷயம். எங்களுடையது பள்ளிக்கூடமே இல்லை, சங்கத்து ஹாலில் நடக்கும் வகுப்பு. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட படத்தையே எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் தாங்கள் செய்ததை அம்மாவின் போனுக்கும், ஊரில் இருக்கும் மாமாவுக்கும் தயங்காமல் அனுப்பலாம். அதற்காகவே இந்தத் தேர்வு.

படம் யூடியூபில் கிடைக்கிறது, ஆர்கைவ் தளத்திலும் கிடைக்கிறது. பல பிரதிகள் உண்டு. நீளம் ஒன்றுக்கொன்று மாறும். சிலவற்றில் யாரோ இசை சேர்த்திருக்கிறார்கள். அந்த இசை இன்றைக்குச் செய்தது, அதற்குத் தனி உரிமை இருக்கலாம். அதனால் ஒலித்தடத்தை நீக்கிவிட்டே எடுத்துக்கொண்டோம். ஹாலில் நெட்டை நம்ப முடியாது. வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவதுதான் சரி.

மௌனப்படங்களைக் கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டுச் சட்டகம் (ஃபிரேம்) என்ற அளவில் இருக்கும். இன்றைய வேகத்தில் ஓட்டினால் ராஜா ஓட்டமும் நடையுமாகத் தெரிவார், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் [ விசையைத் தட்டத் தட்ட வேகம் சிறிது சிறிதாகக் குறையும். 0.7, 0.8 வாக்கில் நிறுத்தினால் நடை இயல்பாகிறது. சிரிப்பு நின்று எல்லோரும் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். எல்லாப் பிரதிக்கும் இது தேவைப்படாது. வேகத்தை ஏற்கெனவே திருத்திப் போட்டவையும் இருக்கின்றன. ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இலக்கியம். நல்லூர் வீரகவிராயர் பாடிய ‘அரிச்சந்திர புராணம்’ 16ஆம் நூற்றாண்டு நூல். தமிழ் நூல் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, 1998 பொங்கல் அன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம்; பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். தட்டச்சு செய்த பாடம் கிடைத்தால் வேலை எளிது. ஆனால் பழைய அச்சுப் பதிப்பின் ஸ்கேனையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், சில பக்கங்களை அதிலிருந்தே எடுத்தோம்.

அந்தப் பக்கங்களை அப்படியே வகுப்பில் விரித்தால் பாதிப் பேர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை எல்லாம் தலைக்குமேல் சுழியோடு நிற்கும்; றா, ணா, னா கீழே வளைந்து ஒற்றை எழுத்தாக இருக்கும். கூகுள் டிரைவில் பக்கத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சாக்கித் தரும். தமிழைப் பெரும்பாலும் நன்றாகவே படிக்கிறது. இடறுவது இந்தப் பழைய வடிவங்களில்தான். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் குழம்பும். புள்ளி மங்கியிருந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

இந்தத் தடுமாற்றத்தையே ஒரு நாள் பாடமாக வைத்தேன். ஒரு பக்கம் ஸ்கேன், இன்னொரு பக்கம் கணினி படித்தது. இரண்டையும் அச்செடுத்து ஜோடி ஜோடியாகக் கொடுத்தேன். கணினி தப்பாகப் படித்ததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இதில் முந்தினார்கள். சரளமாக வாசிக்கிறவர்கள் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். இவர்கள் ஒவ்வொரு எழுத்திலும் நின்று பார்ப்பவர்கள். ஏழாவது படிக்கும் ஒரு பையன் பழைய லை வடிவத்தை நோட்டில் பெரிதாக வரைந்து, அதன் கீழே இன்றைய வடிவத்தை எழுதி, அடுத்த வகுப்புக்குள் ஒரு முழு அட்டவணையே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அது இப்போது ஹால் சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கங்களைத் திருத்தியதும் அதைப் பார்த்துத்தான்.

படத்தில் எஞ்சியிருப்பது நான்கு ரீலில் முதலும் கடைசியும். அதுகூட 1913இல் எடுத்ததா, 1917இல் பால்கே இதே கதையைத் திரும்ப எடுத்ததன் பகுதியா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதல் ரீலில் ராஜா மகனுக்கு வில் பழக்குகிறார், ராணி பக்கத்தில் இருக்கிறார். பிறகு வேட்டை. காட்டில் முனிவரின் வேள்வித் தீயில் சிக்கிய மூன்று பெண்களை ராஜா விடுவிக்கிறார், முனிவர் சீறுகிறார், நாடு போகிறது. கடைசி ரீலுக்குத் தாவினால் காசி, வெட்டுவதற்கு ஓங்கிய வாள், சிவபெருமான். நடுவே நாட்டை விட்டு நடந்தது, மனைவியையும் மகனையும் விற்றது, சுடுகாடு எதுவும் இல்லை.

இந்தப் பள்ளம்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. புராணத்தில் ‘நகர் நீங்கிய காண்டம்’, ‘காசி காண்டம்’, ‘மயான காண்டம்’ என்று தொலைந்த நடுப்பகுதி முழுவதும் செய்யுளாகவே இருக்கிறது. படத்தில் இல்லாததை நூலிலிருந்து பிள்ளைகள் எடுத்து நிரப்ப வேண்டும். இதற்குப் படித்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. ஒவ்வொரு காண்டத்திலும் நானே சில பாடல்களைத் தேர்ந்து, சொல் பிரித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு ஒரு காண்டம். படித்து, கதையைச் சொல்லி, எந்த இடம் படமாக வேண்டும் என்று முடிவு செய்து, சார்ட் பேப்பரில் வரைந்தார்கள். வரைந்ததைப் போனில் படமெடுத்து, போனிலேயே இருக்கும் வீடியோ எடிட்டரில் இரண்டு ரீலுக்கும் நடுவே கோத்தோம்.

முதல் சந்தேகம் பெயரில் வந்தது. ராணிக்கும் மகனுக்கும் பள்ளியில் அவர்கள் கேட்டிருப்பது தாராமதி, ரோஹித். தமிழில் சந்திரமதி, லோகிதாசன். தமிழ் அட்டையில் தமிழ்ப் பெயர் என்று கையைத் தூக்கி முடிவு செய்தார்கள். அடுத்து இன்னும் பெரிய வேறுபாடு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். படத்தில் தீயில் சிக்கிய மூன்று பெண்கள் வருகிறார்கள். தமிழ்ப் புராணத்திலோ முனிவர் ஏவிவிட்ட இரண்டு பெண்கள் அரசனிடம் வந்து, தங்களை மணந்துகொள்ளச் சொல்கிறார்கள். “எது டீச்சர் ரைட்டு?” என்று சண்டை. ஒரே கதை ஊருக்கு ஊர் இப்படி வேறு வேறாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது என்று சொன்னேன். முதல் ரீலுக்குப் படத்தில் தெரிவதை மட்டும் எழுதுவது, நடுப்பகுதிக்கு நூலை மட்டும் பின்பற்றுவது என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம்.

அட்டை எழுதுவது நான் நினைத்ததைவிட ஆழமான வேலையாக இருந்தது. அந்தப் பிரதியில் இருக்கும் அட்டைகளை இந்தி தெரிந்த பிள்ளைகள் உடனே தமிழாக்கிவிட்டார்கள். வில் பழக்கும் காட்சிக்கு முதலில் வந்தது: “அரசர் ஹரிச்சந்திரர் தன்னுடைய மகனுக்கு வில்வித்தையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.” திரையில் போட்டால் படிப்பதற்குள் காட்சி ஓடிவிடுகிறது. சுருக்கச் சொன்னேன். “அரிச்சந்திரன் மகனுக்கு வில் கற்றுத் தருகிறான்” என்று வந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், “அதான் படத்துலயே தெரியுதே, அத ஏன் எழுதணும்?” என்றாள். கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் இல்லை. பிறகு அவளே எழுதினாள்: “தோளை இறக்காதே, லோகிதாசா.” ஓட்டிப் பார்த்தபோது, அந்த வரியைப் படித்த எல்லோருடைய கண்ணும் பையனின் தோளுக்குப் போயிற்று. அதன்பிறகு கண்ணில் படுவதை எழுதுவதில்லை, படத்தில் கேட்காததைத்தான் எழுதுவது என்றாகிவிட்டது. இந்த ஒரு விதியை யாராவது எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

ஓர் அட்டை எத்தனை நொடி நிற்க வேண்டும்? வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கும் ஓர் எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கால அளவுப் பொறுப்பாளராக ஆக்கினோம். அவள் வாய்விட்டுப் படிப்பாள், இன்னொருவர் போன் ஸ்டாப்வாட்சில் அளப்பார், வந்த நொடியோடு ஒன்று கூட்டிக்கொள்வோம். அவளால் ஒரே மூச்சில் முடிக்க முடியாத வரியை எழுதியவர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்ச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் பல முறை படித்ததில் அவள் வாசிப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அவள் அம்மாவே வந்து சொன்னார். எனக்கு இந்த மழைக்காலத்தில் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அது.

காசி காண்டத்தை எடுத்த குழுவுக்குப் பிடித்தது, கடனை வசூலிக்க முனிவர் கூடவே அனுப்பிவைக்கும் ஆள். வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது அவர்கள் அறிந்த காட்சி. அவனுக்கு எழுதிய அட்டைகளில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

மயான காண்டத்தில் மட்டும் நான் நிறுத்தி நிதானமாகப் போக வேண்டியிருந்தது. அரிச்சந்திரன் சுடலைக் காவலுக்கு விலைபோவதைப் பழைய நூல் பெரிய இழிவாகச் சொல்கிறது, சாதிப் பெயரைச் சொல்லியே அப்படிச் சொல்கிறது. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் இந்த ஊருக்குத் தோல் பதனிட வந்தவர்கள். அந்தச் சொல்லை மறைத்துவிட்டுப் பாடம் நடத்த எனக்கு மனமில்லை. அது இருக்கும் பாடலைக் காட்டி, யாரை, யார், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று பேசினோம். “பொணம் எரிக்கிறது வேலைதானே, அவரு என்ன திருடவா செஞ்சாரு?” என்று ஒரு பையன் கேட்டான். அட்டை அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது: “சுடலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் அவன் பொய் சொல்லவில்லை.” நூலில் இருப்பதை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், நூல் அப்படியே இருக்கிறது, அட்டை எங்களுடையது என்பதே என் பதில். பழைய இலக்கியத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதே வாரம், பேரனைக் கூட்டிப்போக வந்த ஓர் ஆச்சி சுவரில் ஒட்டியிருந்த சுடுகாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் சின்ன வயதில் விடிய விடிய மயான காண்டம் நாடகம் பார்த்தவராம். “பெத்த புள்ளைன்னு தெரியாமலே கூலி கேக்கான், டீச்சரம்மா. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அது இல்லாம எரிக்க விடமாட்டான். அவ கழுத்துத் தாலி வேற ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது, இவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அதவச்சுத்தான் பொண்டாட்டின்னு கண்டுபிடிப்பான்.” சொல்லிக்கொண்டே சந்திரமதி புலம்பலில் இரண்டு அடி பாடினார். ஊரில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் இருப்பதையும், அங்கே பாடையை இறக்கிவைப்பதையும் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி.

பாட்டைப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். தகரக் கூரையில் மழை கொட்டினால் ஹாலில் ஒன்றும் கேட்காது, அதனால் அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தலையணைமேல் வைத்துப் பதிவு செய்தோம். நடுப்பகுதியில் லோகிதாசனைப் பாம்பு தீண்டும் படங்களுக்குக் கீழே அந்தக் குரல் ஓடுகிறது. மௌனப்பட நாளில் கொட்டகையில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வாராம். எங்கள் படத்தில் அந்த இடம் ஆச்சிக்கு. மற்ற இடங்களில் ஒலி கிடையாது. “பதி இழந்தனம் பாலனை இழந்தனம்” என்று தொடங்கும் பாடலை மட்டும் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிந்தோம். எல்லாம் போனாலும் சொன்ன சொல்லை விடமாட்டோம் என்று அரசன் சொல்லும் பாட்டு அது.

இனி தொழில்நுட்பம். அட்டைகளை வீடியோவுக்குள்ளேயே பதிக்காமல் தனிக் கோப்பாக, சப்டைட்டிலுக்கான எஸ்.ஆர்.டி. வடிவில் வைத்தோம். திருத்துவது எளிது. நோட்பேடு போதும். வரிசை எண் ஒரு வரி, நேரம் ஒரு வரி, பிறகு அட்டை, பிறகு ஒரு வெற்று வரி:

1
00:00:21,000 --> 00:00:25,000
தோளை இறக்காதே, லோகிதாசா.

நொடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி, புள்ளி அல்ல. அம்புக்குறியின் இரு பக்கமும் ஓர் இடைவெளி. சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தை (என்கோடிங்) யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஹாலில் இருந்த பழைய லேப்டாப்பின் நோட்பேடு வழக்கமாக வேறு முறையில் சேமிப்பது. அதில் சேமித்த முதல் கோப்பைத் திறந்தபோது தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக இருந்தது. அந்தக் கோப்பை மீட்க முடியாது, திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். கோப்புக்கும் வீடியோவுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் வி.எல்.சி. தானாக எடுத்துக்கொள்ளும்.

எழுத்து வந்தும் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ உடைந்து தெரிந்தால் வி.எல்.சி. பழைய பதிப்பு என்று அர்த்தம். 3.0க்குப் பிந்தைய பதிப்பைப் போட்டதும் சரியாயிற்று. வெறும் கட்டங்கள் தெரிந்தால் அமைப்பில் சப்டைட்டில் பகுதிக்குப் போய், எழுத்துருவை நிர்மலா அல்லது நோட்டோ தமிழ் என்று மாற்றுங்கள். எழுத்து அளவைப் பெரிதாக வையுங்கள். திரைக்கு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தோம். பின்வரிசைக்கும் தெரிய வேண்டும்.

திரையிடலுக்குப் பெற்றோர் வந்தார்கள். அட்டைகளை அவர்கள் வாய்விட்டே படித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். சந்திரமதியாக நடித்தது அண்ணா சாலுங்கே என்ற ஆண், லோகிதாசனாக வருவது பால்கேயின் மகன் பாலச்சந்திரா என்பதை முடிந்த பிறகு சொன்னதும், முதல் ரீலை இன்னொரு முறை போடச் சொன்னார்கள். போட்டோம்.

எங்கள் எஸ்.ஆர்.டி. கோப்பை வாங்கிக்கொண்டு போன வேறொரு வகுப்பில் அட்டை முன்னும் பின்னுமாக வந்திருக்கிறது. அவர்களிடம் இருப்பது வேறு பிரதி, தொடக்கத்தில் சில நொடி கூடுதல். வித்தியாசம் தொடக்கத்தில் மட்டும்தான் என்றால், வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளைத் தட்டி எழுத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம். போகப் போக வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அந்தப் பிரதியின் வேகமே வேறு. அப்போது நேரத்தைப் புதிதாக அளப்பதே நல்லது. அளக்கும் வேலையை அந்த வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.